'ரூம் ஹீட்டர்' விளையாட்டை வெட்ட உட்கார்ந்திருக்கும் மகனுக்கு

தம்பி,

கார்டு கம்பெனிகளுக்குக் கொடுக்க என்று நீ அனுப்பிய இங்கிலீஷ் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. கீழே பெயரும் ஊரும் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். நான் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கான்வென்ட்டில் படித்தவள்தான், இங்கிலீஷ் புரியாமல் இல்லை. ஆனால் அதில் இருந்த பெரிய பெரிய வார்த்தைகள் எதுவும் என் வாயில் வருகிறவை இல்லை. நான் சொல்ல வேண்டியதை நான் பேசுகிற மாதிரி சொன்னால்தான் அது என்னுடையதாக இருக்கும். அதனால் உனக்கே எழுதுகிறேன். படித்துவிட்டு, உன்னைப் போல் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற பிள்ளைகள் கூடிப் பேசுகிற அந்தத் தளத்தில் போட வேண்டுமென்றால் போடு. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கடைசியில் உன் அப்பாவைப் பற்றி ஒரு சங்கதி வரும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, என்ன இப்ப" என்று சொல்லிவிட்டு வண்டி துடைக்கப் போய்விட்டார்.

போன ஞாயிறு பூசையில் உனக்கும் லிடியாவுக்கும் மூன்றாவது கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. நீயோ கோயம்புத்தூரில் அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். உன் விளையாட்டில் வரும் அந்த முதல் ராத்திரி அறையை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஆன்லைன் கடைக்குத் திருப்பி அனுப்பப் போவதாக நேற்று போனில் சொன்னாய். 'என்னத்தையோ விட்டுத் தொலைக்கலாம்மா, ஓய்ந்துபோச்சு' என்றாய். உன் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. அதை வெட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுதாகப் படி. அம்மாவுக்காக அதையாவது செய்.

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, மற்றவர்களும் படிப்பார்கள் இல்லையா. நாயுடுபுரத்தில் நமக்கு நாலு அறை உள்ள ஒரு காட்டேஜ். சீசனில் குடும்பங்கள் வரும், மற்ற நாளில் பெரும்பாலும் புதுசாகக் கல்யாணமான ஜோடிகள். அப்பா வேன் ஓட்டி அவர்களுக்கு ஏரியும் தூண்பாறையும் கூக்காலும் காட்டுவார், நான் அறை பார்த்துக்கொள்வேன். காலையில் ஒரு பக்கெட் சுடுதண்ணீர் இலவசம், ரூம் ஹீட்டர் கேட்டால் தனிக் கட்டணம். இந்தப் பிழைப்பில்தான் உன்னைப் படிக்க வைத்தோம். தேனிலவுக்காரர்களை வைத்தே சோறு தின்ற குடும்பம்தான், ஆனால் அந்த அறைக் கதவுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி நம் வீட்டில் யாரும் வாய் திறந்தது கிடையாது. பால்காரன் வீட்டில் பால் என்ற சொல்லையே சொல்லக்கூடாது என்று வைத்திருந்த மாதிரி.

நீ படித்து முடித்து கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யப் போகிறேன் என்றபோது நான் கார் ரேஸ் என்று நினைத்தேன். நீ செய்தது 'ரூம் ஹீட்டர்'. வீட்டார் பார்த்துக் கட்டிவைத்த ஒரு பையனும் பெண்ணும், ஒருவருக்கொருவர் ஒழுங்காகப் பேசிக்கூடப் பார்க்காதவர்கள், மறுவாரம் கொடைக்கானலுக்கு வந்து ஒரு காட்டேஜில் தங்குகிறார்கள். திரையில் அந்த அறை வரும், அவர்கள் பேசுவது எழுத்தாக வரும். அடுத்து என்ன சொல்வது, என்ன செய்வது என்று ஆடுகிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பையனாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று வாசலிலேயே எழுதிவைத்துதான் ஆன்லைன் கடையில் போட்டாய். முதல் பக்கத்தை எனக்குக் காட்டினாய். அது நம் இரண்டாம் நம்பர் அறை. என் திரைச்சீலை, என் ஈரம் படிந்த சுவர், ஹீட்டருக்குக் காசு கேட்டு வாசலில் நிற்கிற கடுகடுத்த காட்டேஜ்கார அம்மா. சுவரையாவது வெள்ளையடித்து வரைந்திருக்கக்கூடாதா என்று கேட்டேன். உள்ளே படுக்கையறைச் சங்கதியும் உண்டும்மா என்று நீயே சொன்னாய். உன் பிழைப்பு, நீ பார்த்துக்கொள் என்று நானும் அதோடு விட்டுவிட்டேன்.

முதல் ஓலை வாசித்த அதே வாரம் அது கடையிலிருந்து காணாமல் போனது. நீ மட்டும் இல்லை, உன்னைப் போல் வயது வந்தவர்களுக்கென்று செய்த எத்தனையோ பேருடைய விளையாட்டுகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார்கள் என்றாய். எங்கோ சிலர் கார்டு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டார்களாம். இந்த மாதிரிச் சரக்கு விற்கிற கடைக்கு நீங்கள் எப்படிப் பணம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கேட்டார்களாம். கம்பெனிக்காரர்கள் கடைக்காரனை நெருக்கினார்கள். கடைக்காரன் இது எங்கள் தீர்ப்பு இல்லை, பணம் வாங்கித் தருகிறவர்களின் விதி என்று உனக்கு எழுதினான். எனக்குப் புரிந்தது இப்படி: ஊருக்கு ஒரே பஸ் விடுகிறவன் வந்து, அந்த ஒரு சாமானை விற்றால் உன் கடைக்கு எந்த ஆளையும் ஏற்றிவர மாட்டேன் என்கிறான். கடைக்காரன் என்ன செய்வான், எல்லா அலமாரிக்கும் சேர்த்துத் துணி போட்டு மூடிவிட்டான். அதில் நிஜமாகவே அசிங்கமானவையும் இருந்திருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்தவனைப் பிடித்துக் கேட்கட்டும். சட்டமும் போலீசும் கோர்ட்டும் அதற்குத்தானே இருக்கின்றன.

அடுத்து நான் செய்த காரியம் உனக்குப் பாதிதான் தெரியும். 'பேமென்ட்காரன் நிறுத்திட்டான், பேங்க் ரூலாம்' என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, எனக்குத் தெரிந்த பேங்க் நம் ஊர் பேங்க்தான். மறுநாள் வெள்ளனே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பாஸ்புக்கோடு போய் மேனேஜர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயசுப் பெண், தேனிப் பக்கத்துக்காரி. என் பிள்ளை யாரையும் ஏமாற்றவில்லை, பெரியவர்கள் ஆடுகிற விளையாட்டுதான் செய்திருக்கிறான், எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டதாக நினைப்பு. அந்தப் பெண் திருப்பித் திருப்பி என்ன விளையாட்டு, என்ன விளையாட்டு என்று கேட்டதால் நானும் விளக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னால் வரிசையே நின்றுவிட்டது. கடைசியில் அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டி, "அம்மா, உங்க மகன் கணக்கு நல்லாத்தான் இருக்கு. வெளிநாட்டுல கார்டு கம்பெனிக்காரன் கடைக்காரன்கிட்ட சொன்னதுக்கு இந்த பிராஞ்சுல நான் என்னங்க செய்ய?" என்றாள். எய்தவன் இருக்க அம்பை நோக முடியுமா? எழுந்து திரும்பினால், வரிசையில் நம் கோயில் பாடகர் குழுவில் பாதிப் பேர் நிற்கிறார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்று சாயந்திரத்துக்குள் நாயுடுபுரம் முழுக்க, மறுநாள் பெருமாள்மலை, அதற்கு அடுத்த நாள் லிடியாவின் ஊர் பாலசமுத்திரம். அவள் அப்பா காதுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளைப் பையன் ஆபாசப் படம் எடுக்கிறானாம் என்கிற அளவுக்கு வளர்ந்துதான் போயிருந்தது. இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில் ஒரு நாள், பழனி பஸ்ஸில் அவரும் லிடியாவும் வந்து நம் வாசலில் இறங்கினார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம், கல்யாண நேரத்தில் உன் மனம் கஷ்டப்படும் என்று லிடியா என்னிடம் கேட்டுக்கொண்டாள். நானும் சரி என்றேன். ஆனால் நீ நேற்றுப் பேசிய பேச்சுக்குப் பிறகு என்னால் அதை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. அவளிடமும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

கோபமாகத்தான் வந்தார் அந்த மனிதர். ஆனாலும் கையில் பை நிறையத் தோப்புத் தேங்காய், சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது பாரு. நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைத் தொடாமல், "ஓலை வாசிக்கயில தடை இருந்தா வந்து சொல்லுங்கன்னு சாமியார் கேட்டாருங்க. எனக்கு ஒண்ணு மனசுல கெடக்கு. முதுகுக்குப் பின்னால பேசாம நேருல கேட்டுப்புடலாம்னு வந்தேன்" என்றார். பிறகு கேட்டார். உங்கள் மகன் பெண்களை அசிங்கமாகக் காட்டிச் சம்பாதிக்கிறானா? என் மகளுக்கு இந்த வீட்டில் மரியாதை இருக்குமா? இரண்டே கேள்விதான். எனக்கு முகம் சுண்டிப்போனது உண்மை. ஆனால் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த இடத்தில் எனக்குத் தடை இருக்கிறது, இதுதான் காரணம், நான் இன்னார் என்று ஒரு மனிதன் எதிரில் வந்து உட்கார்ந்து சொன்னால் அவனுக்குப் பதில் சொல்லலாம்.

அந்த விளையாட்டை நானும் அப்பாவும் ஆடியே பார்த்ததில்லை. லிடியாதான் பேசினாள். அது இந்த வீட்டில் இருக்கிறதா அத்தை என்று கேட்டாள். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் இருந்தது. எடுத்துக்கொண்டு காலியாக இருந்த நாலாம் நம்பர் அறைக்குள் போனாள். அப்பா சம்பந்தியைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், காய் இல்லாத பிளம்ஸ் மரத்தையும் பேரி மரத்தையும் நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் ஜெபமாலை சொன்னேன். உன் கல்யாணம் அந்த அறைக்குள்தான் ஊசலாடிக்கொண்டிருந்தது, தம்பி. அந்தப் பெண் வெளியே வந்து என்ன சொல்வாளோ என்று ஒரே மணியைத் திருப்பித் திருப்பி உருட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் என்னைப் பார்க்காமல் தன் அப்பா பக்கம் போய் நின்று சொன்னாள்: "அப்பா, இதுல அந்தப் பையன் கேக்குறான். அந்தப் புள்ள இன்னைக்கு வேணாங்குது. அவன் சரின்னு போர்வைய எடுத்துக்கிட்டுத் தள்ளிப் படுத்துக்கிறான். இத எழுதுனவருக்கு என்னையக் கட்டிக் குடுக்க உங்களுக்கு என்ன தடை?"

அவர் திரும்ப நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஆறிப்போன டீயைக் குடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு வேறு நல்ல வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார், அதையும் உனக்கு மறைக்கவில்லை. அவர் முழுதாக மனம் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். ஆனால் தடையை எடுத்துக்கொண்டார். போகும்போது பஸ் ஏறுமுன், உங்கள் ஊரில் வாய் நீளம் போலிருக்கிறது என்று என்னிடம் சிரித்தார். ஆமாங்க, அந்த வாய் என்னுதுதான் என்று நானும் சிரித்துவிட்டேன். மூன்றாம் ஓலை வாசித்தபோது இந்த முறை நான் தலையை நிமிர்த்தித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஓலையைப் பற்றி அப்புறம் நிறைய யோசித்தேன். மூன்று ஞாயிறு, எல்லார் முன்னாலும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தால் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று கேட்கிறார்கள். பழைய வழக்கம், பாதிப் பேர் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தடை சொல்கிறவன் எழுந்து வர வேண்டும். பெயர் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். மொட்டைக் கடுதாசியை வைத்துக்கொண்டு எந்தச் சாமியாரும் கல்யாணத்தை நிறுத்துவதில்லை. உன் விளையாட்டுக்கு நடந்தது என்ன? யார் தடை சொன்னது என்று தெரியாது. எந்த இடம் என்று தெரியாது. கடைக்காரனைக் கேட்டால் பணக் கம்பெனியைக் கைகாட்டுகிறான், அவனைக் கேட்டால் பேங்க்கைக் காட்டுகிறான், பேங்க் திருப்பிக் கடைக்காரனைக் காட்டுகிறது. இவர்களில் ஒருவராவது அதைத் திறந்து பார்த்தார்களா? தேங்காய்ப் பையோடு வந்த அந்த விவசாயிக்கு இருந்த நேர்மைகூட அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இல்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

காரணம் சொல்லாததால்தான் நீ இந்தக் கதிக்கு வந்திருக்கிறாய். எது குற்றம் என்று தெரியாமல் நீயே ஊகித்து ஊகித்து வெட்டுகிறாய். முதலில் ஒரு முத்தத்தை எடுத்தாய், அதே பதில் வந்தது. பிறகு குளிக்கிற இடத்தை எடுத்தாய், அதே பதில். இப்போது அந்த அறை. நம் தெருவில் ஒரு வருஷம் இப்படித்தான் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? கல்யாண போட்டோ இல்லாமல் ஜோடிக்கு அறை கொடுத்தால் சீல் வைப்பார்களாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. தெரு முழுக்க ரிசப்ஷனில் 'கல்யாண போட்டோ அவசியம்' என்று அட்டை தொங்கவிட்டோம், நாமும்தான். காரைக்குடியிலிருந்து தலை நரைத்த ஒரு தம்பதி வந்தார்கள். போட்டோ கேட்டதற்கு, அந்தக் காலத்தில் எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோக்காரன் யாருங்க வந்தான் என்று அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா அட்டையைக் கழற்றி வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டு அவர்களுக்குச் சாவியைக் கொடுத்தார். சீல் வைக்க யாரும் வரவில்லை. எல்லாப் பயமும் இப்படிக் கலைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. யார் சொன்னது என்று கேட்காமலே பயப்படாதே என்கிறேன்.

நீயே சொன்னாயே, உங்கள் கூட்டத்தில் ஒரு பெண், விடாமல் எழுதியெழுதி, எந்த விதி, எந்த இடம் என்று கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு வரி வெட்டாமல் தன் விளையாட்டைத் திரும்பக் கடையில் ஏற்றிவிட்டாள் என்று. அவள் சாதித்ததை நீ ஏதோ அதிர்ஷ்டம் மாதிரி சொன்னாய். அதிர்ஷ்டம் இல்லை அது, பிடிவாதம். என் வயிற்றில் பிறந்த உனக்கு அது இல்லாமலா இருக்கும்? இப்போது உங்கள் பக்கத்து ஆட்களிடமிருந்தும் கம்பெனிக்காரர்களுக்குப் போன் போகிறதாம், கடிதம் போகிறதாம். முன்பு ஒரு பக்கத்துக் குரல்தான் அவர்கள் காதில் விழுந்தது, இப்போது இரண்டு பக்கமும் விழுகிறது. கொஞ்ச நாள் ஆகும். அதுவரை மாப்பிள்ளை சும்மா இருக்கிறான் என்று யாராவது சொன்னால், நம் காட்டேஜுக்கு வெள்ளையடிக்கிற வேலை இருக்கிறது, வா. நீ வரைந்த அந்தச் சுவரில் இருந்தே ஆரம்பிக்கலாம். கையில் வேலை இல்லாத பயத்தில் மட்டும் எதையும் வெட்டாதே.

இனி எழுதப் போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமானது. லிடியா கிளம்பும்போது, "அத்தை, நீங்களும் ஒரு தடவ ஆடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நாள் அந்த லேப்டாப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல மழை, அறைகள் காலி, அப்பா வண்டிச் சோலியாக வத்தலக்குண்டு போயிருந்தார். திறந்தேன். பெண்ணாக ஆடினேன். எனக்கு எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டனை மட்டும் தட்டினேன். பெற்ற பிள்ளை எழுதியதைப் படிக்கிற கூச்சம் அது. ஆனால் அந்த அறை வந்தது. கதவைச் சாத்தியாயிற்று. அந்தப் பையன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உனக்குச் சம்மதமா என்று கேட்கிறான். கீழே எனக்கு மூன்று பதில்கள் வந்து நின்றன. அதில் ஒன்று, இன்னைக்கு வேணாம்.

தம்பி, நான் வத்தலக்குண்டிலிருந்து கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவள். சமவெளிப் பெண், குளிர் பழக்கம் இல்லை, முதல் ராத்திரியன்று இரண்டு நாளாகத் தூக்கமும் இல்லை. அம்மாவை விட்டுவிட்டு வந்த துக்கம் வேறு. வெளியே சொந்தக்காரர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. அப்படி ஒரு பதில் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. உன் அப்பா கெட்டவர் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கை ஓங்கியதில்லை, எனக்குக் காய்ச்சல் என்றால் வேன் ஓட்டத்தை ரத்து செய்துவிட்டு வந்து நிற்பார். கேட்க வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவரிடம் எனக்குப் பிரியம் வந்தது, நிறைய வந்தது, ஆனால் அந்த ராத்திரியைத் தாண்டி வர எனக்குச் சில வருஷம் பிடித்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மழையில் உட்கார்ந்து, இன்னைக்கு வேணாம் என்கிற பதிலை அழுத்தினேன். அந்தப் பையன் சரி என்றான். எனக்கு இந்த வயதில் அப்படி ஓர் அழுகை வரும் என்று நினைக்கவே இல்லை.

அப்பா வந்து பார்த்தார். கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டார். லேப்டாப்பை அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், பையனாக ஆடினார். ஹீட்டருக்குக் காசு கேட்கிற அம்மா வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு அந்த அறை வந்தது. அவருக்கு இரண்டு வழி: கேட்பது, கேட்காமல் விளக்கை அணைப்பது. விரல் அப்படியே நின்றுவிட்டது. எதையும் அழுத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு உனக்கு வேணாம்னு இருந்துச்சா?"

"ஆமாங்க."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க கேட்டிருக்கலாம்ல."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியலடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. இத்தனை வருஷம் நெஞ்சில் ஒரு மூலையில் கிடந்தது, இறங்கிப்போய்விட்டது. அப்புறம் அவர் அந்த விளையாட்டில், கேட்பது என்பதை அழுத்தினார். பெண் என்ன சொன்னாள் என்று பார்க்கக் குழந்தை மாதிரி குனிந்து பார்த்தார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் கேள்விதான். ஜன்னலைச் சாத்தட்டுமா, டீ இப்போது போடட்டுமா கொஞ்சம் கழித்தா, வண்டியில் பாட்டு வைக்கலாமா, நீ முன்னால் உட்காருகிறாயா பின்னாலா. நேற்று தோசைக்கு எந்தச் சட்னி என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். தொல்லை தாங்க முடியவில்லை. ரொம்ப நன்றாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு என்ன அறிவுரை சொல்வது என்று பெரியவர்கள் எல்லாரும் யோசித்துக்கொண்டிருப்பார்கள், உனக்கு வரிசையாக வந்து சொல்வார்கள், கேட்டுக்கொள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்ல வேண்டியதை நீ எனக்கு முன்னாலேயே தெரிந்துவைத்து எழுதியிருக்கிறாய். லிடியா அதைப் படித்துவிட்டுத்தான் உன்னைக் கட்டிக்கொள்ள வருகிறாள். அவளுக்கு இப்போது உன்னைப் பற்றித் தெரிந்ததில் பாதி, நீ வெட்டி எறியப் போகிற இடத்தில் இருக்கிறது.

கடைக்காரன் திரும்ப ஏற்றட்டும், ஏற்றாமல் போகட்டும். நீ உட்கார்ந்து அழிக்கப் பார்க்கிற அந்த அறையில் வைத்துத்தான் உன் அப்பா என்னை முதன்முதலாகக் கேட்டார். அதை வெட்டாதே.

உன் அம்மா